பெயர் தெரியாத பழைய கார் விளக்கு சுவிட்ச்: எந்த நாடு, எந்தக் காலம்?

பித்தளைப் பிரியன்:
பழைய உதிரிபாகப் பெட்டி ஒன்றில் இந்தச் சுவிட்ச் கிடைத்தது. வட்டமான பித்தளை முகப்பு, நடுவில் திருப்பும் கைப்பிடி, நான்கு நிலைகள். எழுத்துகள் தேய்ந்துவிட்டன, கடைசி நிலைக்கு எதிரே 'எச்' என்ற ஆங்கில எழுத்து மட்டும் மிஞ்சியிருக்கிறது. பின்புறம் கருப்புத் தகடு, ஆறு டெர்மினல்கள், பீங்கான் உருளையில் சுற்றிய கம்பிச்சுருள் ஒன்று. தயாரிப்பாளர் பெயர் எங்கும் இல்லை. எந்த நாட்டுப் பொருள் இது?

விளக்குக்காரர்:
அமெரிக்கச் சுவிட்ச். அந்தக் கம்பிச்சுருளே சாட்சி. அதிக ஒளிக்கும் குறைந்த ஒளிக்கும் தனித்தனி இழை கொண்ட இரட்டை இழை பல்பு பரவியது 1920களின் நடுவில்தான். அதற்கு முன்பு, எதிரே வருபவரின் கண் கூசாமலிருக்க, ஹெட்லைட்டின் மின்சாரத்தை ஒரு மின்தடை வழியாக விட்டு ஒளியைக் குறைப்பார்கள். 'எச்' என்றால் ஹை. 1912-இல் காடிலாக் மின்சார ஸ்டார்ட்டரையும் விளக்கையும் ஒரே அமைப்பாகக் கொண்டுவந்த பிறகு, பத்து ஆண்டுகளுக்குள் செய்த பொருளாக இது இருக்கும்.

டைனமோ தாசன்:
ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்தக் கால அமெரிக்க முகப்புகளில் 'டிம்', 'பிரைட்' என்று பொறிப்பதே வழக்கம். 'சைட்' (பக்க விளக்கு), 'ஹெட்' (ஹெட்லைட்) என்பது பிரிட்டிஷ் வழக்கு. இங்கே 'எச்' என்பது ஹெட்.

கம்பிச்சுருளுக்கு வேறொரு வேலையும் உண்டு. அந்தக் காலக் கார்களில் பேட்டரியைச் சார்ஜ் செய்த மூன்றாம் பிரஷ் டைனமோவில் தானாகச் சார்ஜைக் குறைக்கும் கருவி கிடையாது. பகல் முழுவதும் விளக்கில்லாமல் ஓடினால் பேட்டரி அளவுக்கு மீறிச் சார்ஜாகிக் கெட்டுவிடும். அதனால் டைனமோவுக்குக் காந்தப்புலம் தரும் ஃபீல்டு சுற்றில் ஒரு மின்தடையைச் சேர்த்துச் சார்ஜைப் பாதியாக்கினார்கள். ஹெட்லைட்டைப் போட்டதும் சுவிட்ச் அந்த மின்தடையை விலக்கி முழுச் சார்ஜுக்கு மாற்றிவிடும். இந்த ஏற்பாட்டின் கம்பிச்சுருள் சுவிட்சின் முதுகிலேயே இருப்பதுண்டு.

விளக்குக்காரர்:
இருப்பதுண்டு என்பதால் இதுவும் அதுதான் என்று ஆகிவிடாது. நான் சொன்ன மின்தடையும் சுவிட்சின் பின்னால் இருப்பதுதான். கருப்புத் தகடு எபோனைட் (கந்தகம் சேர்த்துக் கெட்டியாக்கிய ரப்பர்) என்றால் என் பக்கம் இன்னும் வலுக்கும்.

டைனமோ தாசன்:
தகட்டை வைத்துக் காலம் கணிக்க முடியாது. பேக்கலைட் என்ற பழைய பிளாஸ்டிக்குக்கு 1909-லேயே காப்புரிமை கிடைத்துவிட்டது. எபோனைட் அதற்குப் பிறகும் நெடுநாள் புழங்கியது. வேண்டுமானால் தகட்டின் ஓரத்தை விரலால் சூடேறத் தேய்த்து முகர்ந்து பாருங்கள்: கந்தக வாடை வந்தால் எபோனைட், கார்பாலிக் வாடை வந்தால் பேக்கலைட். அதில் நாடும் தெரியாது, ஆண்டும் தெரியாது.

மரைத் திருகன்:
டெர்மினல் திருகுகளைப் பாருங்கள். பிரிட்டிஷ் மின்கருவிகளில் பி.ஏ. (பிரிட்டிஷ் அசோசியேஷன்) மரை, அதன் கோணம் 47½ பாகை. அமெரிக்க மரைக்கு 60 பாகை. ஆனால் இதில் ஏமாறாதவர் குறைவு. 2 பி.ஏ. திருகின் விட்டம் 4.7 மி.மீ., மரை இடைவெளி 0.81. அமெரிக்கப் பத்து-முப்பத்திரண்டு திருகு 4.83 மி.மீ., இடைவெளி 0.79. ஒன்றன் நட்டு மற்றதில் ஓரளவு ஏறிவிடும்! நட்டு ஏறுகிறது என்பதை மட்டும் வைத்து முடிவுகட்ட வேண்டாம். தேயாத திருகாகப் பார்த்து மைக்ரோமீட்டரில் அளந்து, மரை கேஜையும் வைத்துப் பாருங்கள்.

டைனமோ தாசன்:
கூடவே மல்டிமீட்டரையும் எடுங்கள். 6 வோல்ட் காரில் இரண்டு ஹெட்லைட்டும் சேர்ந்து 5 ஆம்பியர் இழுத்தால் அவற்றின் மின்தடை 1.2 ஓம். ஒளியைக் குறைக்க இன்னொரு ஓம் அளவு போதும். சுருளில் ஐந்தாறு ஓம் இருந்தால் மின்சாரம் ஒரு ஆம்பியர் அளவுக்கு இறங்கி, இழை சிவந்து கனல்வதோடு சரி. அந்த வெளிச்சத்தில் யாரும் வண்டி ஓட்டியிருக்க முடியாது; அப்படியானால் அது ஒளியைக் குறைக்கும் சுருள் அல்ல.

தயவுசெய்து பாலிஷ் போடாதீர்கள். எழுத்தின் பள்ளத்தில் மிஞ்சிய சாயமும் போய்விடும். மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் மெதுவாகத் தேய்த்துப் பாருங்கள்.

பித்தளைப் பிரியன்:
எல்லாவற்றையும் செய்து பார்த்தேன். கம்பிச்சுருள் 6 ஓம். எந்த நிலையிலும் அது விளக்கு டெர்மினல்களோடு சேரவில்லை. வேறு இரண்டு டெர்மினல்களுக்கு நடுவே நிற்கிறது. கைப்பிடியைக் கடைசி நிலைக்குத் திருப்பினால் அந்த இரண்டும் நேராக இணைந்துவிடுகின்றன. திருகு 4.69 மி.மீ. பென்சில் தேய்ப்பில் 'எச்' எழுத்துக்கு முந்தைய நிலையில் 'எஸ்' தெளிவாக எழும்பியது. பார்த்தபோது கை நடுங்கியது!

விளக்குக்காரர்:
அப்படியானால் கம்பிச்சுருளைப் பற்றி நான் சொன்னது தவறு. சைட், ஹெட் என்பதையும் ஏற்கிறேன். ஆனால் கார் எந்த நாடு என்பது இன்னும் தீரவில்லை. இறக்குமதியான காருக்கு உள்ளூர் விளக்குச் சாமான்களைப் பூட்டி விற்ற காலம் அது. சுவிட்ச் பிரிட்டிஷ், அவ்வளவுதான்.

டைனமோ தாசன்:
அதை மறுக்கவில்லை. காலத்தையாவது நெருக்கலாம்: 1930களில் தானியங்கி வோல்டேஜ் ரெகுலேட்டர் பரவிய பிறகு இந்தப் பாதிச் சார்ஜ் ஏற்பாட்டுக்குத் தேவையில்லாமல் போயிற்று. 1920களோ, 1930களின் தொடக்கமோ என்பேன். முகப்பின் விட்டத்தையும், பொருத்தும் துளைகளுக்கு இடையே உள்ள தூரத்தையும் அளந்து போடுங்கள். பழைய உதிரிபாகப் பட்டியல்களோடு ஒப்பிட அவைதான் உதவும்.

பித்தளைப் பிரியன்:
முகப்பு 82 மி.மீ. துளைகள் மூன்று; தூரத்தை நாளை பகல் வெளிச்சத்தில் அளந்து எழுதுகிறேன்.