பைலோபிளாஸ்டி (கிட்னி அடைப்பு ஆபரேஷன்) முடிந்து 3 மாதம், ஸ்கேனில் இன்னும் வீக்கம்: ஆபரேஷன் தோல்வியா?

கேள்வி (கிராம சுகாதார செவிலியர், அம்பாசமுத்திரம் பக்கம்)

4 வயசுப் பையன், இடது கிட்னியில பியுஜே அடைப்பு (கிட்னிப் பையும் மூத்திரக்குழாயும் சேருற இடத்துல அடைப்பு). ஆபரேஷனுக்கு முன்னால பெல்விஸ் (கிட்னியில மூத்திரம் சேருற பை) அளவு 28 மிமீ, ரெண்டு கிட்னியும் செய்ற வேலையில அந்தக் கிட்னியோட பங்கு 36 சதவீதம். உள்ள வச்ச தற்காலிகக் குழாயை (டிஜே ஸ்டென்ட்) 6 வாரத்துல எடுத்தாச்சு. 3 மாத ஸ்கேன்ல 19 மிமீ. காய்ச்சல், வலி எதுவும் இல்ல. "வீக்கம் போகலையே, திரும்பவும் கிழிக்கணுமா"ன்னு அம்மா பயந்து போயிருக்காவ. வாழைத்தண்டுச் சாறு வேற குடுக்காவ. என்ன சொல்லட்டும்?

பதில் 1 (குழந்தைகள் அறுவை சிகிச்சைப் பிரிவு)

பயப்படாண்டாம்னு சொல்லுங்க தங்கச்சி. 28ல இருந்து 19 நல்ல போக்கு. ரொம்ப நாள் ஊதியே கிடந்த பலூன் மாதிரி அந்தப் பை தொளதொளன்னுதான் இருக்கும். வழி நல்லா திறந்த பிறகும் சுருங்க ஒரு வருஷம், ரெண்டு வருஷம் ஆகும். சிலருக்கு லேசான வீக்கம் கடைசி வரைக்கும் நிக்கும், அது தோல்வி இல்ல. குறுகின துண்டை வெட்டி எடுத்துச் சேத்துத் தைக்கிற இந்த முறை 1949லயே வந்தது. 100 பிள்ளைகள்ல 90க்கு மேல நல்லாயிருது.

கவலைப்பட வேண்டியது அளவு கூடும்போது, பங்கு குறையும்போது, விலா ஓரம் வலியும் வாந்தியும் வரும்போது. தச்ச இடத்துல மூத்திரம் கசிஞ்சு தழும்பு இறுகினாலோ, குறுக்கே ஓடுற ரத்தக்குழாயைக் கவனிக்காம விட்டிருந்தாலோ அப்படி ஆகும். பெரும்பாலும் முதல் ரெண்டு வருஷத்துலயே தெரிஞ்சிரும்.

ஒண்ணு கேளுங்க: ஸ்கேன் எடுக்கும்போது பையன் ஒண்ணுக்குப் போயிருந்தானா? அம்பையில பஸ் ஏறி திருநெல்வேலி ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கு வந்து வரிசையில நிக்கதுக்குள்ள மூத்திரப்பை முட்டிரும். அப்ப மேலேயும் வீங்கித்தான் தெரியும். போயிட்டு வந்த பிறகு ஒரு தடவை அளக்கச் சொல்லணும்.

பதில் 2 (ரெனோகிராம் டெக்னீஷியன்)

முடிவு சொல்றது ரெனோகிராம்தான் (மருந்தை ஊசியில ஏத்தி, கிட்னி எவ்வளவு வேலை செய்யுது, மூத்திரம் எப்படி வடியுதுன்னு பாக்கிற ஸ்கேன்). ஆபரேஷன் ஆகி 3 முதல் 6 மாசத்துக்குள்ள எடுப்பாங்க. முதல்ல எடுத்த இடத்துலயே, அதே மருந்துல எடுக்கணும். டிடிபிஏ மருந்துல ஒரு தடவை, இசி மருந்துல ஒரு தடவைன்னு எடுத்தா ஒப்பிட முடியாது. 36 இருந்தது 33 ஆனா அது பரிசோதனையோட ஏற்ற இறக்கம். 26 ஆனாதான் விஷயம். 36 ஏறி 50 ஆகணும்னும் எதிர்பாக்க வேண்டாம், அப்படியே நின்னாலே ஆபரேஷன் வேலை செஞ்சிருக்கு.

வெறும் வயித்துல கூட்டிட்டு வராதீங்க, தண்ணி நல்லா குடிச்சிருக்கணும். உடம்பு காஞ்சிருந்தா மூத்திரம் போகவைக்கிற லேசிக்ஸ் ஊசி போட்டும் மூத்திரம் இறங்காது, கிராஃப் கோடு கீழ இறங்காம படுத்தே கிடக்கும், இல்லாத அடைப்பு இருக்கிற மாதிரி ரிப்போர்ட் வரும். கடைசியில பிள்ளையை ஒண்ணுக்குப் போகவச்சு, நிமிர்த்தி வச்சிருந்து, திரும்ப ஒரு படம் எடுத்தாங்களான்னு ரிப்போர்ட்ல பாருங்க. தொளதொளன்னு இருக்கிற பை அப்பதான் வடியும்.

பதில் 3 (குழந்தைகள் மருத்துவர், தென்காசி)

வாழைத்தண்டுச் சாறு கல்லுக்குன்னு குடிக்கிறது. இது குழாய் சேருற இடத்துச் சிக்கல்; சாறு எதையும் திறக்காது. திட்டாம, தண்ணியும் மோரும் போதும்னு சொல்லுங்கம்மா. மலச்சிக்கல் வராமப் பாத்துக்கணும், மூத்திரக் கிருமி திரும்பத் திரும்ப வர அது பெரிய காரணம்.

சளி, இருமல் இல்லாம 100.4 டிகிரிக்கு மேல காய்ச்சல் வந்தா, மெடிக்கல் ஷாப்ல ஆன்டிபயாட்டிக் வாங்கி ஊத்துறதுக்கு முன்னால மூத்திரக் கல்ச்சர் (கிருமியை வளத்துப் பாக்கிற பரிசோதனை) குடுக்கணும். ஒரு வேளை மருந்து உள்ள போனாலும் கிருமி காட்டாம போயிரும். வீட்டுல பிடிச்சு டப்பாவுல கொண்டுவராம, லேப்லயே கழுவி, முதல்ல வர்றதை விட்டுட்டு நடுத்தாரையைப் பிடிக்கச் சொல்லுங்க. வெயில்ல ஒரு மணி நேரம் கிடந்த சாம்பிள்ல கிருமி தானாவே பெருகிரும்.