ஆத்தூர் பைபாஸ்: தப்பு ஓட்டுகிறவர் மேலா, சாலை மேலா?

(சேலம் மாவட்டம் ஆத்தூர்க்காரர்கள் சிலர் புனைபெயரில் விவாதித்தது. ஒவ்வொரு பேச்சுக்கும் மேலே இருப்பது பேசுகிறவரின் புனைபெயர்.)

வசிஷ்டநதி

எங்கள் தெருவுக்குப் பால் ஊற்றும் அண்ணனைப் போன வாரம் பைபாஸ் பிரிவில் கார் அடித்துவிட்டது. விடிகாலை ஐந்து மணி இருக்கும். நான் போவதற்குள் அவரை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். கேன் ஒன்று நசுங்கிக் கிடந்தது. பால் தாரில் வெள்ளைக் கோடாக ஓடி ஓரத்து மண்ணில் இறங்கியிருந்தது. உயிருக்கு ஆபத்தில்லை. இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

அங்கே நின்ற அத்தனை பேரும் பேசியது ஒன்றைத்தான்: யார் மேல் தப்பு? கார்க்காரன் வேகமாக வந்தான், இவர் பார்க்காமல் திரும்பினார், ஹெல்மெட் போடவில்லை, டெயில் லைட் எரியவில்லை. பத்து நிமிடத்தில் தீர்ப்புச் சொல்லிவிட்டுக் கலைந்துபோனார்கள். அந்தப் பிரிவைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

சேலம் – உளுந்தூர்பேட்டை சாலை 136 கிலோமீட்டர். நான்கு வழிச்சாலை என்று பெயர், சுங்கமும் கட்டுகிறோம். ஆனால் சாலை போட்டபோது உடையாப்பட்டி, வாழப்பாடி, ஆத்தூர், சின்னசேலம், கள்ளக்குறிச்சி, தியாகதுருகம், எலவனாசூர்கோட்டை, உளுந்தூர்பேட்டை என்று எட்டு ஊர்ப் புறவழிச்சாலைகளை இருவழியாகவே விட்டுவிட்டார்கள். நடுவில் தடுப்புள்ள சாலையில் 100 கிலோமீட்டர் வேகத்துக்குப் பழகி வருகிறவர், எதிரே வண்டி வரும் சாலைக்குள் அதே வேகத்தில் நுழைகிறார். இதை ஓட்டுநரின் குணம் என்று சொல்லி முடித்துவிட முடியுமா? ஆளைப் பிடிப்பதற்கு முன் இடத்தைப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

ஸ்பேனர்

டீச்சர், உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை. இருபது வருடமாகப் பட்டறை வைத்திருக்கிறேன். அடிபட்ட வண்டிகள் என் வாசலுக்குத்தான் வருகின்றன. பின் சக்கர பிரேக் கட்டை தேய்ந்து இரும்போடு இரும்பு உரசும், மாற்றச் சொன்னால் "அடுத்த மாசம் பார்க்கலாம்ணே" என்பார்கள். அதே ஆள் சைலன்சர் மாற்ற உடனே பணம் எடுத்து வைப்பான். கண்ணாடி இரண்டையும் கழற்றச் சொல்லிக் கேட்கிறார்கள், அழகாக இல்லையாம். பத்தாவது படிக்கும் பையனுக்கு எட்டும்படி சீட்டைத் தாழ்த்தித் தரச் சொல்லி அப்பாவே கூட்டிக்கொண்டு வருகிறார். 2019 சட்டத் திருத்தப்படி பதினெட்டு வயது ஆகாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் வண்டி கொடுத்தவருக்கு மூன்று வருடம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். சொல்லிப் பார்த்தேன். "நம்மூர்ல யாருங்க பிடிக்கப்போறாங்க" என்று சிரித்தார்.

இதில் சாலை என்ன செய்யும்? 2022ல் இந்தியா முழுக்க ஹெல்மெட் போடாமல் செத்தவர்கள் 50,029 பேர். ஒரே வருடத்தில். முதலில் அதை நிறுத்துங்கள், அப்புறம் தார் போடுவதைப் பேசலாம்.

லோடுவண்டி

நான் லாரி ஓட்டுகிறவன். இந்தச் சாலையில் மாதம் எட்டு நடையாவது போவேன். டீச்சர் சொல்வதை ஸ்டீயரிங் பக்கமிருந்து சொல்கிறேன்.

நான்கு வழி முடிந்து இருவழி தொடங்கும் இடத்தில் கண்ணுக்கு எந்த மாற்றமும் தெரியாது. பகலில் பலகை தெரியும். இரவில் எதிரே வருகிறவர் ஹை பீம் போட்டு வந்தால் பலகையும் இல்லை, கோடும் இல்லை. பின்னால் வரும் கார் இன்னும் நான்கு வழி என்று நினைத்து என்னை ஓவர்டேக் எடுப்பான். பாதி ஏறியபிறகுதான் எதிரே வெளிச்சம் பார்ப்பான். நான் பிரேக் பிடித்து இடம் விட்டால் பிழைப்பான். என் வண்டியில் இருபது டன் இருந்தால் எங்கே பிடிப்பது?

இன்னொன்று, யாரும் சொல்லாதது. மரவள்ளிக் கிழங்கு பிடுங்கும் சமயத்தில் சேகோ (ஜவ்வரிசி) ஃபேக்டரிக்குப் போகிற டிராக்டர் டிரெய்லர்கள். பின்னால் ஒரு சிவப்பு விளக்கு கிடையாது. மண் பூசிய பலகை, அதற்கு மேல் கிழங்கு, எல்லாம் சாலை நிறம். கரும்பு லோடும் அப்படித்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 100 கிலோமீட்டர் வேகத்தில் போகிற கார் ஒரு வினாடிக்கு கிட்டத்தட்ட 28 மீட்டர் ஓடுகிறது. பார்த்து, கால் வைத்து, நிற்பதற்குள் சுமார் 100 மீட்டர் போய்விடும். டிம் லைட்டில் அந்த டிரெய்லர் தெரிவது அதில் பாதித் தூரத்தில்கூட இல்லை. அதாவது பார்த்த நொடியிலேயே மோதல் முடிவாகிவிட்டது. எத்தனை ஒழுக்கமான ஓட்டுநராக இருந்தாலும் அப்படித்தான்.

கடைவீதி

ஆளாளுக்கு பைபாஸ் பற்றிப் பேசுகிறீர்கள், போலீஸ் நிற்பது எங்கே? கடைவீதி முக்கில். சந்தைக்கு வருகிற பெரியவர் இருபது கிலோமீட்டர் வேகத்தில் மொபெட்டில் வருகிறார், அவரைப் பிடித்து ஹெல்மெட் இல்லை என்று ஆயிரம் ரூபாய். 2022 அக்டோபரில் அபராதத்தை ஏற்றியதிலிருந்து எங்கள் வாடிக்கையாளர்கள் ஊருக்குள் வரவே யோசிக்கிறார்கள். சாவு ஒரு இடத்தில், சோதனை வேறு இடத்தில். இதற்குப் பெயர் சாலைப் பாதுகாப்பா?

ஸ்பேனர்

அண்ணாச்சி, இருபது கிலோமீட்டர் வேகத்தில் விழுந்தாலும் மண்டை தார்மேல்தான் விழும்.

இரவுப்பணி

அரசு மருத்துவமனை ஒன்றில் அவசரப் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஸ்பேனர் அண்ணன் சொன்ன கடைசி வரிக்கு நானே சாட்சி. வேகமாகப் போனவர்கள் மட்டும் இங்கே வருவதில்லை. பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்து வந்த அம்மாக்கள், வேகத்தடையில் தூக்கிப் போட்டு, பின்மண்டை அடிபட்டு வருகிறார்கள். தலையில் வைத்த மல்லிகைப்பூ அப்படியே இருக்கும், காதில் ரத்தம் வரும். ஓட்டி வந்த மகன் ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பான். அவன் போட்டிருந்தான், அம்மாவுக்குத்தான் இல்லை. அண்ணன் சொன்ன 50,029 பேரில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்தவர்கள். ஹெல்மெட் சாவை 42 சதவீதமும் தலைக்காயத்தை 69 சதவீதமும் குறைக்கும் என்பது பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துச் சொன்ன கணக்கு.

ஆனால் அதே அம்மா விழுந்தது எதனால் என்றும் கேட்க வேண்டும். சாலைகளுக்கு அளவு வகுக்கும் அமைப்பான இந்திய சாலைக் காங்கிரஸின் விதிப்படி வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம், வளைவாக இருக்க வேண்டும். 25 கிலோமீட்டர் வேகத்தில் அலுங்காமல் ஏறி இறங்கலாம். நம் தெருக்களில் இருப்பது இரவோடு இரவாகக் கொட்டிய திண்டு. வெள்ளைக்கோடு இல்லை, முன்னால் பலகை இல்லை.

கணக்குநோட்டு

எல்லோரும் ஆளுக்கொரு சம்பவம் சொல்கிறீர்கள். கொஞ்சம் எண்களையும் பார்ப்போம்.

தமிழ்நாட்டில் 2022ல் 64,105 விபத்துகள், 17,884 உயிரிழப்புகள். 2023ல் 67,213 விபத்துகள், 18,347 உயிரிழப்புகள். விபத்து எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் என்று ஒவ்வொரு வருடமும் செய்தி வருகிறது. ஆனால் 2022ல் உத்தரப் பிரதேசத்தில் 41,746 விபத்துகளில் 22,595 பேர் இறந்தார்கள். கேரளாவில் 43,910 விபத்துகளில் 4,317 பேர். நூறு விபத்துக்கு இங்கே 28, உத்தரப் பிரதேசத்தில் 54, கேரளாவில் 10. சின்னச் சின்ன விபத்துகள் எத்தனை காவல் நிலையப் பதிவேட்டுக்கு வருகின்றன என்பதைப் பொறுத்தும் இந்த எண் மாறும். அதனால் போக்கு பார்க்க வேண்டுமென்றால் விபத்து எண்ணிக்கையை விட உயிரிழப்பையே நம்புவேன்.

ஊர் அளவில் இன்னொரு சிக்கல். ஒரு சின்ன ஊரில் ஒரு வருடம் ஆறு பேர் இறந்து அடுத்த வருடம் ஒன்பது பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். "50 சதவீதம் உயர்வு" என்று எழுதலாம். அதற்கடுத்த வருடம் ஐந்து என்றால் "நடவடிக்கையால் குறைந்தது" என்று போர்டு வைக்கலாம். இரண்டிலும் பொருளில்லை, ஒரே ஒரு வேன் விபத்து அந்த எண்ணைப் புரட்டிவிடும். அதனால்தான் தேசிய நெடுஞ்சாலையில் ஓர் இடத்தைக் கரும்புள்ளி, அதாவது விபத்து மலிந்த இடம், என்று குறிக்க மூன்று வருடக் கணக்கை எடுக்கிறார்கள்: சுமார் 500 மீட்டர் நீளத்துக்குள் மூன்று வருடத்தில் சாவோ கொடுங்காயமோ நேர்ந்த ஐந்து விபத்துகள், அல்லது பத்து உயிரிழப்புகள்.

வசிஷ்டநதி

அந்த அளவுகோல்தான் எனக்கு ஆறவில்லை. பத்துப் பேர் செத்தபிறகு அந்த இடம் ஆபத்து என்று எழுதுவார்கள். நாலாவது ஆளுக்கும் ஐந்தாவது ஆளுக்கும் என்ன பதில்? பால்கார அண்ணன் விழுந்த இடத்தில் இதற்கு முன் விழுந்து எழுந்து, துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனவர்கள் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. ஆனால் அந்த முனையில் டீக்கடை வைத்திருக்கும் அக்காவுக்கு அத்தனையும் தெரியும். எந்த நேரம், எந்தப் பக்கமிருந்து வருகிற வண்டி என்று விரல் நீட்டிச் சொல்கிறார்.

ஸ்வீடன் 1997ல் சட்டமாக்கியது இதைத்தான். மனிதன் தவறு செய்வான், அந்தத் தவறுக்கு உயிர் விலையாகக் கூடாது, அதற்கேற்பச் சாலை போடுகிறவரும் பொறுப்பேற்க வேண்டும். அவர்கள் பிரிவுகளை ரவுண்டானாவாக மாற்றினார்கள். அகலமான ஒற்றைச் சாலையின் நடுவே கம்பி வடத் தடுப்பு போட்டு நேருக்கு நேர் மோதலை அடைத்தார்கள். நமக்கும் வேண்டியது அதுதானே?

ஸ்பேனர்

ஸ்வீடனில் ராங் சைடில் வருகிறவன் எத்தனை பேர் டீச்சர்? இங்கே தடுப்பு வைத்தால் ஒரு மாதத்தில் நடுவில் உடைத்து வழி பண்ணிவிடுவார்கள். யூ டர்ன் ஒரு கிலோமீட்டர் தள்ளி என்றால் எதிர்த்திசையிலேயே வருவார்கள். நல்ல சாலை போட்டாலும் கெடுக்கிற ஆட்களை என்ன செய்வீர்கள்?

லோடுவண்டி

தம்பி, ஏன் உடைக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்களா? அந்தப் பக்கம் தோட்டம், இந்தப் பக்கம் வீடு. சாலை வருவதற்கு முன்பே அந்த வழியில் மாடு ஓட்டியவர்கள். அவர்கள் கடக்க ஒரு சுரங்கப்பாதை கொடுக்காமல் தடுப்பை மட்டும் வைத்தால் உடைக்கத்தான் செய்வார்கள். ராங் சைடில் வருவதை நான் நியாயப்படுத்தவில்லை, என் வயிற்றைக் கலக்குவதே அதுதான். ஆனால் ஒரே இடத்தில் நூறு பேர் ஒரே தப்பைச் செய்தால் அங்கே வேறு ஏதோ இல்லை என்றுதான் அர்த்தம்.

கடைவீதி

பைபாஸில் தடுப்பு வையுங்கள், சுரங்கப்பாதை வையுங்கள், யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. இதே பேச்சில் கடைவீதிக்கும் 30 கிலோமீட்டர், கடை முன்னால் வண்டி நிறுத்தத் தடை என்று கொண்டுவந்துவிடாதீர்கள். அதற்கு மட்டும் நான் எதிர்ப்பு.

அப்புறம் குடியை ஏன் யாரும் பேசவில்லை? தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கில்தான் நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அடுத்த ஜூலையிலேயே நகராட்சி எல்லைக்குள் அது பொருந்தாது என்று விளக்கமும் வந்துவிட்டது. நம்மூர் மாதிரி ஊர்களுக்கு அந்தத் தீர்ப்பால் கிடைத்தது அவ்வளவுதான்.

வசிஷ்டநதி

அண்ணாச்சி, கொண்டுவரத்தான் போகிறேன். 2018ல் மத்திய அரசு அறிவித்த உச்ச வேகம் நகராட்சிச் சாலையில் காருக்கு 70. பள்ளிக்கூடம் விட்டு ஐநூறு பிள்ளைகள் நடக்கிற சாலையில் எழுபது! உலகச் சுகாதார நிறுவனம் ஊருக்குள் 50க்கு மேல் வேண்டாம் என்கிறது, நடக்கிறவர்களும் வண்டியும் கலக்கிற இடத்தில் 30 போதும் என்கிறது. சராசரி வேகம் 1 சதவீதம் கூடினால் உயிரிழப்பு விபத்துக்கான வாய்ப்பு 4 சதவீதம் கூடும். 2022ல் இந்தியாவில் சாலையில் இறந்தவர்களில் ஐந்தில் ஒருவர் நடந்து போனவர். கடை முன்னால் வண்டி நிற்பதால் நடைபாதை போய், பிள்ளைகள் சாலைக்கு நடுவில் நடக்கிறார்கள். உங்கள் கடைக்கு நோட்டு வாங்க வருகிறவர்களும் அவர்கள்தான்.

கடைவீதி

வண்டி நிறுத்த நகராட்சி முதலில் இடம் காட்டட்டும். அப்புறம் பேசுவோம்.

இரவுப்பணி

ஒரு சின்ன விஷயம், விவாதத்துக்கு இல்லை, தெரிந்திருக்க வேண்டும். பால்கார அண்ணனை ஏற்றிப்போனவர்கள் நல்ல காரியம் செய்தார்கள். பல பேர் போலீஸ், கோர்ட் என்று பயந்து சுற்றி நிற்கிறார்கள். மோட்டார் வாகனச் சட்டம் 134ஏ பிரிவு உதவி செய்கிறவரைப் பாதுகாக்கிறது, பெயர், முகவரி சொல்லக் கட்டாயம் கிடையாது. 108க்குச் சொல்லிவிட்டு, அவர்கள் சொல்வதுபோல் செய்யுங்கள், கழுத்தை வளைத்து ஆட்டோவில் மடக்கிப் போடாதீர்கள். 2021 டிசம்பரில் தொடங்கிய இன்னுயிர் காப்போம் திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குப் பணம் கட்ட வேண்டாம், பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனையிலும். ஒரு தனியார் மருத்துவமனையில் இதைச் சொல்லாமல் முன்பணம் கேட்டு, நகையை அடகு வைத்துக் கட்டிய குடும்பத்தை எனக்குத் தெரியும்.

வசிஷ்டநதி

நன்றி. டீக்கடை அக்கா சொல்வதையெல்லாம் இந்த ஞாயிறு உட்கார்ந்து எழுதி எடுக்கப்போகிறேன். நாள், நேரம், திசை. மூன்று வருடம் காத்திருக்காமல் அதையே வரைபடத்தோடு மனுவாகக் கொடுப்போம். லோடுவண்டி அண்ணா, இரவில் பலகை தெரியாத இடங்களை நீங்கள் சொன்னால் அதையும் சேர்க்கிறேன்.

லோடுவண்டி

வியாழன் இரவு நத்தக்கரை டோல் தாண்டி வருவேன். போட்டோ எடுக்க முடியாது, ஓட்டிக்கொண்டிருப்பேன். கிலோமீட்டர் கல் எண் குறித்துத் தருகிறேன்.

ஸ்பேனர்

மனு கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஹெல்மெட் விஷயத்தில் என் கருத்து மாறவில்லை, பையனுக்குச் சாவி கொடுக்கிற அப்பா விஷயத்திலும் மாறவில்லை. ஆனால் அந்த டிரெய்லர் கணக்கு என்னை உறுத்துகிறது. நானே மூன்று டிராக்டருக்கு எஞ்சின் வேலை பார்த்து அனுப்பியிருக்கிறேன், பின்னால் விளக்கு இருக்கிறதா என்று ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை. கிழங்கு பிடுங்கத் தொடங்குவதற்குள் சிவப்பு ரிஃப்ளெக்டர் டேப் வாங்கி வைக்கிறேன். யார் கொண்டுவந்தாலும் ஒட்டித் தருகிறேன், காசு வேண்டாம். வரும்போது பின்பலகையைக் கழுவிக் காயவைத்துக் கொண்டு வரச் சொல்லுங்கள். மண் இருந்தால் டேப் பிடிக்காது.