மரம் ஏறும் பட்டைக்கு முடிச்சா, தைத்த வளையமா?

வணக்கம். பினாங்கு பாலிக் பூலாவில் எங்கள் டுரியான் தோட்டத்தில் கிளை கழிக்க மாமாதான் இன்னும் ஏறுகிறார். இடுப்பு ஹார்னஸ் (உடலில் மாட்டும் பாதுகாப்பு வார்) வாங்கிவிட்டோம். மரத்தைச் சுற்றிப் போடும் நைலான் பட்டையை வளையமாக்குவதில்தான் குழப்பம்.

பட்டையின் இரு முனைகளையும் சேர்க்கும் வாட்டர் நாட் முடிச்சைப் போட்டு, வெளியே நீளும் இருபக்க வாலும் 7.5 செ.மீ.க்குக் குறையாமல் விடலாம். ஆனால் பாரம் ஏறி இறங்க இறங்க அந்த முடிச்சு மெல்ல நழுவும். ஏறும்போதெல்லாம் பார்த்தாக வேண்டும். நனைந்தால் நைலானின் பலமும் குறையும், இங்கே மழைக்குக் கேட்கவா வேண்டும்! தைத்தே வரும் வளையம்தான் நல்லது என்று எனக்குப் படுகிறது.

பட்டையை ஹார்னஸோடு கோக்கும் உலோகக் கொக்கியான காராபைனருக்குத் திருகுப் பூட்டு போதுமா, தானாகப் பூட்டிக்கொள்வதா? கிளையில் உரசித் திருகு கழன்றுவிடுமோ என்று பயம். மரம் ஏறி வேலை செய்யும் அண்ணன்மார் சொல்லுங்கள். ஜார்ஜ் டவுன் பக்கம் தைத்த வளையம் எங்கே கிடைக்கும்?