நார்த் கரோலினா வீட்டு வாடகையை நியூ ஜெர்சி ரிட்டர்னிலும் காட்ட வேண்டுமா?

கேரி_டவுன்ஹவுஸ் கேட்டது:

வேலை மாறி நியூ ஜெர்சிக்கு வந்துவிட்டோம். நார்த் கரோலினாவின் கேரி ஊரில் இருக்கும் டவுன்ஹவுஸை விற்க மனசு வரவில்லை, கடன் வட்டி 3 சதவீதத்துக்கும் கீழே, அதனால் வாடகைக்கு விட்டிருக்கிறோம். 2025 முழுக்க நாங்கள் நியூ ஜெர்சிவாசிகள்தான். வாடகை மாதம் 2,200 டாலர், வருடத்துக்கு 26,400. கடன் வட்டி, சொத்து வரி, இன்சூரன்ஸ், எச்ஓஏ (குடியிருப்போர் சங்கக் கட்டணம்), வீட்டைப் பார்த்துக்கொள்ளும் கம்பெனிக்குக் கொடுப்பது, ரிப்பேர் எல்லாம் சேர்த்து 16,000, தேய்மானம் 8,000. ஆக ஃபெடரல் ரிட்டர்னில் வாடகைக் கணக்கைக் காட்டும் ஷெட்யூல் ஈ-யில் மிஞ்சுவது 2,400 தான்.

ஃபெடரல் வரைக்கும் குழப்பமில்லை. ஆபீஸில் ஒருத்தர் "வீடு இருக்கிற ஸ்டேட்டுக்குக் கட்டிட்டா போதும், நியூ ஜெர்சியில் காட்டவே வேண்டாம்" என்கிறார். இன்னொருத்தர் ரெண்டிலும் காட்டணும் என்கிறார். இந்த 2,400-க்கு ரெண்டு ஸ்டேட் வரியா? அதைவிட, சாஃப்ட்வேரில் நார்த் கரோலினாவின் வருமான வரிப் படிவமான டி-400 முதல் பக்கத்தைத் திறந்தால் எங்கள் சம்பளம் உட்பட மொத்த 1,80,000-மும் அப்படியே வந்து உட்கார்ந்திருக்கிறது. அந்த ஊர்ப் பக்கமே போகாத சம்பளத்துக்கு அவர்கள் வரி போடுவார்களா?

வரிக்கணக்கு_வாத்தியார்:

இரண்டிலும் காட்ட வேண்டும். நிலமும் வீடும் எந்த ஸ்டேட்டில் இருக்கிறதோ அந்த ஸ்டேட்டுக்கு அதன் வருமானத்தில் முதல் உரிமை. நீங்கள் குடியிருக்கும் ஸ்டேட் உங்கள் வருமானம் எங்கே வந்தாலும் கேட்கும். ஒரே பணத்துக்கு இரண்டு முறை வரி விழாமல் இருக்கத்தான் வேறு ஸ்டேட்டில் கட்டிய வரிக்கு கிரெடிட் (இங்கே கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்வது) என்று ஒன்று வைத்திருக்கிறார்கள், அதை நியூ ஜெர்சிதான் தரும்.

டி-400-ல் மொத்த வருமானம் தெரிவதைப் பார்த்துப் பயப்படாதீர்கள், அது கணக்குப் போடும் முறை, அவ்வளவுதான். கணவன் மனைவி சேர்ந்து போடுகிறீர்கள் என்றால் 1,80,000-ல் ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் (செலவுக் கணக்குக் காட்டாமலே கிடைக்கும் நிலையான கழிவு) 25,500 போக 1,54,500. அப்புறம் வெளி ஸ்டேட்காரர்களுக்கான ஷெட்யூல் பிஎன் வந்து, மொத்த வருமானத்தில் நார்த் கரோலினா பங்கு எவ்வளவு என்று பார்க்கும். உங்களுக்கு 2,400-ஐ 1,80,000-ஆல் வகுத்தால் 1.33 சதவீதம். அந்தப் பங்குக்கு மட்டும், அதாவது சுமார் 2,060-க்கு, 4.25 சதவீத வரி. 88 டாலர் வாக்கில் வரும். இதற்காகவா இத்தனை பக்கம் என்று எரிச்சல் வரும், நியாயம்தான். ஆனால் ஃபைல் பண்ண வேண்டுமா என்பதை அவர்கள் உங்கள் நிகர வாடகையை வைத்துப் பார்ப்பதில்லை. அங்கே சொத்திலிருந்து வருமானம் இருந்து, எல்லா இடத்து மொத்த வருமானமும் அந்த 25,500-ஐத் தாண்டினால் ஃபைல் பண்ணியாக வேண்டும்.

நியூ ஜெர்சியில் வாடகையை ஷெட்யூல் என்ஜே-பஸ்-1-ல் காட்டிவிட்டு, ஷெட்யூல் என்ஜே-சிஓஜே-யில் கிரெடிட் எடுங்கள். "நான் 6.37 சதவீத பிராக்கெட்டில் (வரி அடுக்கில்) இருக்கிறேன், நார்த் கரோலினா 4.25 தானே, முழுசும் கழிந்துவிடும்" என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். கிரெடிட்டின் உச்சவரம்பு பிராக்கெட்டை வைத்து வருவதில்லை, நியூ ஜெர்சியில் உங்கள் மொத்த வரியில் அந்த வாடகையின் பங்கு எவ்வளவோ அவ்வளவுதான், அதாவது சராசரி விகிதம். உங்கள் வருமானத்தில் அந்தச் சராசரி 4 சதவீதத்தை ஒட்டித்தான் நிற்கும். அதனால் முழுசாகவும் கழியலாம், சில டாலர் மிஞ்சவும் மிஞ்சலாம்.

சாஃப்ட்வேரில் நார்த் கரோலினாவை முதலில் முடியுங்கள், நியூ ஜெர்சி அப்புறம். மாற்றிச் செய்தால் கிரெடிட் பூஜ்யம் என்று காட்டும். இன்னொன்று, அங்கே கட்டிய சொத்து வரிக்குக் கிரெடிட் கிடையாது, அது ஷெட்யூல் ஈ-யில் செலவாகவே கழிந்துவிட்டது.

டல்லாஸ்_டு_ஃப்ரீமாண்ட்:

88 டாலருக்கு இவ்வளவு யோசிக்கிறீர்கள், என் கதையைக் கேளுங்கள். வீடு டெக்சாஸில், நான் கலிஃபோர்னியாவில். டெக்சாஸில் ஸ்டேட் வருமான வரியே இல்லை, "ஆஹா, வாடகைக்கு வரி கிடையாது" என்று எல்லாரும் சொல்வார்கள். அங்கே எதுவும் கட்டவில்லை, அதனால் இங்கே கிரெடிட்டும் இல்லை, கலிஃபோர்னியா தன் 9.3 சதவீத பிராக்கெட்டில் முழுசாக எடுத்துக்கொள்கிறது.

கலிஃபோர்னியாவில் இருந்துகொண்டு அரிசோனா, ஆரிகன், வர்ஜீனியாவில் வீடு வைத்திருப்பவர்கள் கவனிக்கவும். அங்கே கிரெடிட் தலைகீழ். கலிஃபோர்னியா தராது, அந்த ஸ்டேட்டின் நான்-ரெசிடென்ட் (அங்கே குடியிராதவர்களுக்கான) ரிட்டர்னில்தான் எடுக்க வேண்டும்.

எடிசன்வாசி:

பென்சில்வேனியாவில் வீடு வைத்திருக்கும் நியூ ஜெர்சிக்காரர்கள் "நமக்குத்தான் ரெசிப்ரோசிட்டி (குடியிருக்கும் ஸ்டேட்டுக்கு மட்டும் வரி கட்டினால் போதும் என்ற பரஸ்பர ஒப்பந்தம்) இருக்கிறதே" என்று விட்டுவிடுகிறார்கள். அந்த ஒப்பந்தம் சம்பளத்துக்கு மட்டும். வாடகைக்கு அங்கே 3.07 சதவீதம் கட்டியே ஆக வேண்டும்.

கேரி_டவுன்ஹவுஸ்:

நன்றி, இப்போதுதான் புரிகிறது. அடுத்த வருடம் ஏசி முழுசாக மாற்ற வேண்டியிருக்கும், 9,000 ஆகும் என்கிறார்கள். நஷ்டம் வந்தால் நார்த் கரோலினாவுக்கு ஃபைல் பண்ணாமல் விட்டுவிடலாமா?

வரிக்கணக்கு_வாத்தியார்:

விடாதீர்கள். முதலில், ஏசி முழுசாக மாற்றுவது பெரும்பாலும் ரிப்பேர் கணக்கில் சேராது, வீட்டோடு சேர்த்து 27.5 வருடத்துக்குப் பிரித்துக் கழிக்க வேண்டியிருக்கும், எனவே அதனால் மட்டும் நஷ்டம் வராது. வீடு இரண்டு மூன்று மாதம் காலியாக இருந்தால்தான் வரும். அப்போது உங்கள் வருமானம் 1,50,000-ஐத் தாண்டியிருப்பதால் வாடகை நஷ்டத்தை மற்ற வருமானத்தில் கழிக்க விடும் 25,000 டாலர் சலுகை உங்களுக்குக் கிடையாது, நஷ்டம் ஃபெடரலில் ஃபார்ம் 8582-ல் தொங்கும், அதாவது அந்த வருடம் கழியாமல் நிற்கும். நார்த் கரோலினா ஃபெடரல் கணக்கிலிருந்து தொடங்குவதால் அங்கேயும் அப்படியே தொங்கி, பின்னால் லாபம் வரும் வருடத்தில் அல்லது விற்கும்போது கழியும். வருடா வருடம் ரிட்டர்ன் போட்டிருந்தால் அன்று யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

நியூ ஜெர்சிதான் வேறு மாதிரி. அங்கே நஷ்டத்தை இப்படித் தொங்கவிடும் பாஸிவ் நஷ்டம் என்ற விதியே கிடையாது. வாடகை நஷ்டத்தை அதே வருடம் வேறொரு வாடகை லாபத்தில் கழிக்கலாம், சம்பளத்தில் கழிக்க முடியாது. ஃபெடரலில் தொங்குகிற பழைய நஷ்டத்தை நியூ ஜெர்சி ரிட்டர்னில் கொண்டுவரவும் முடியாது. ஆகவே பழைய நஷ்டம் கழியும் ஒரு வருடம் நார்த் கரோலினாவில் பூஜ்யமும் நியூ ஜெர்சியில் 2,400-மும் வருவது சகஜம், அந்த வருடம் கிரெடிட்டும் இருக்காது. ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷினுக்கு போனஸ் தேய்மானம் (வாங்கிய வருடமே மொத்தமாகக் கழிப்பது) எடுத்தால் இரண்டு ஸ்டேட்டும் அதை ஏற்காது, நார்த் கரோலினா 85 சதவீதத்தைத் திரும்பச் சேர்க்கச் சொல்லி, அடுத்த ஐந்து வருடத்தில் சமமாகக் கழிக்க விடும். ஃபெடரல், நார்த் கரோலினா, நியூ ஜெர்சி என்று மூன்று தேய்மானக் கணக்கை இப்போதே ஒரு எக்செல் ஷீட்டில் தனித்தனியாக வைத்துவிடுங்கள், விற்கும் வருடத்தில் அதைத் தேடுவது பெரிய தலைவலி.