மறு: பிளை ரேட்டிங்குக்குத் தமிழில் என்ன?

வணக்கம்.

டயர் எவ்வளவு பலமானது என்று காட்ட அதன் மேல் அச்சடிக்கும் எண்தான் பிளை ரேட்டிங் (பிளை என்றால் டயருக்குள் இருக்கும் நூல் அடுக்கு). அதற்குத் தமிழில் ‘அடுக்கு எண்ணிக்கை’, ‘சுமைக்குறி’ என்று நேற்று வந்த இரண்டு சொற்களையும் பார்த்தேன். இரண்டிலும் எனக்குச் சிக்கல் தெரிகிறது.

காரைக்குடியில் டிராக்டர் டிரெய்லருக்கு 7.50-16 அளவு டயர் வாங்கப் போனால், கடைக்காரர் முதலில் கேட்பது “எத்தனை பிளைண்ணே?” என்றுதான். 16 பிளை என்றால் உள்ளே 16 நூல் அடுக்கு என்றே நானும் பல வருஷம் நம்பியிருந்தேன். போன மாதம் கண்மாய்க்கரைப் பாதையில் ஒரு செம்புறாங்கல் விளிம்பு என் டிரெய்லர் டயரைப் பக்கவாட்டில் கிழித்துவிட்டது. (சீமைக்கருவேல முள்ளுக்குத் தப்பிய டயர் அது.) கிழிசலை விரித்து வைத்துக்கொண்டு நகத்தால் அடுக்கு அடுக்காகப் பிரித்து எண்ணினேன். ஒரு அடுக்கில் நைலான் நூல் இந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, அடுத்ததில் அந்தப் பக்கம். எண்ணி முடித்தால் பதினாறுக்குப் பக்கத்தில்கூட வரவில்லை!

கடைக்காரர் ஏமாற்றவில்லை. ஒரு காலத்தில் டயருக்குள் இருந்தது பருத்தி நூல். அப்போது அடுக்கை எண்ணினால் பலம் தெரிந்துவிடும். அப்புறம் ரேயானும் நைலானும் வந்ததும் குறைந்த அடுக்கிலேயே அதே பலம் கிடைத்தது, ஆனால் பழைய கணக்கை யாரும் விடவில்லை. இன்றைக்கு 16 என்றால், பருத்திக் கணக்கில் 16 அடுக்குக்குச் சமமான பலம். லாரிக்கு வரும் முழு எஃகு ரேடியல் டயரின் உடலில் இருப்பது ஒரே ஒரு கம்பி அடுக்கு. அதிலும் 16 என்று அச்சடித்திருப்பார்கள். ஆகவே ‘எண்ணிக்கை’ என்று பெயர் வைத்தால் பொய்யாகிவிடும்.

‘சுமைக்குறி’ நல்ல சொல், ஆனால் அதற்கு வேறு வேலை இருக்கிறது. ஒரு டயர் எவ்வளவு சுமை தாங்கும் என்பதற்கு லோட் இன்டெக்ஸ் என்று தனி எண் உண்டு: டயரின் மேல் 100 என்று போட்டிருந்தால் 800 கிலோ, 121 என்றால் 1450 கிலோ. இந்த லோட் இன்டெக்ஸுக்கே அதை ஒதுக்கிவிடலாம். இரண்டுக்கும் ஒரே பெயர் என்றால் டயர் வாங்குகிறவர் பாடு திண்டாட்டம்தான்.

நான் சொல்ல வந்தது ‘அடுக்குத்திறன்’. குதிரைத்திறன் இருக்கிறதல்லவா, அதே வழி. 5 குதிரைத்திறன் மோட்டாரைத் திறந்து குதிரையைத் தேடுவார் யாரும் இல்லை. அதுபோல 16 அடுக்குத்திறன் என்றால் 16 அடுக்கு உள்ளே இருக்க வேண்டியதில்லை, அவ்வளவுக்கு ஈடான பலம் என்று சொல்லே சொல்லிவிடும். திறன் என்பது இயற்பியலில் பவர், இங்கே பொருந்துமா என்று கேட்பீர்கள். சரி, உரசல்தான். ஆனால் ‘அடுக்குத்தரம்’ என்றால் மட்டமான டயர், உசத்தி டயர் என்ற பொருள் வந்துவிடுகிறது. அதற்கு இது தேவலை.

வாக்கியத்தில் வைத்தும் பார்த்தேன்: “ஆத்தங்குடிக் கல் ஏற்றும் டிரெய்லருக்கு அடுக்குத்திறன் கூடிய டயர் வேண்டும், வைக்கோல் மட்டும் ஏற்றினால் அவ்வளவு வேண்டாம்.” இடறவில்லை. இன்னொன்று, “அடுக்குத்திறன் கூடினால் கூடுதல் காற்றைத் தாங்கும், சுமையைத் தூக்குவது அந்தக் காற்றுதான்.” கனத்த டயரை மாட்டிவிட்டுக் காற்றைக் குறைத்து ஓட்டுகிறவர்களுக்கு இதை அவசியம் சொல்ல வேண்டும். என்னையும் சேர்த்துத்தான்.

கூடவே ஒன்று. டயரின் பக்கவாட்டுப் பகுதியான சைடுவாலைப் ‘பக்கச்சுவர்’ என்று எழுதுவதை விடலாமே. சுவர் வளையாது, இது பாரம் ஏறினால் பிதுங்கும், இறங்கினால் நிமிரும். ‘விலா’ என்று வைத்தால் என்ன? டிரெய்லர் டயரின் விலா விறைப்பாக இருக்க வேண்டும், பழைய கார் டயரை மாட்டினால் விலா நெளிந்து டிரெய்லர் ஆட்டம் போடும் என்று எழுதினால் மாடு வளர்த்தவருக்குச் சட்டென்று விளங்கும்.

நேற்று சாயங்காலம் கடையில் “16 அடுக்குத்திறன் இருக்கா?” என்று கேட்டும் பார்த்தேன். “அது எந்தக் கம்பெனிண்ணே?” என்றார். பிளை என்றதும் உள்ளே போய் உருட்டிக்கொண்டு வந்தார்.