கேட்டனரிக்கு 'தோரணவளைவு'ன்னு வெச்சா என்னங்க?

அண்ணா, வணக்கமுங்க. நேத்து நீங்க போட்ட, கணக்குல வர்ற வளைவுகளுக்கான தமிழ்ப் பேர்ப் பட்டியலைப் பாத்தேன். வட்டம், நீள்வட்டம், பரவளையம் (பாரபோலா), அதிபரவளையம் எல்லாம் பாடப்புத்தகத்துலயே உக்காந்திருக்கு, அதுல இப்ப கை வெக்க வேண்டாம். எனக்குச் சண்டை, ரெண்டு முனையையும் கட்டித் தொங்கவிட்ட கயிறோ சங்கிலியோ தன் கனத்துலயே எடுக்கற கேட்டனரிங்கற வளைவுக்கு நீங்க வெச்ச 'சங்கிலி வளைவரை'யோடதான்.

லத்தீன்ல கதேனான்னா சங்கிலி, 1690ல கணித அறிஞர் ஹைகன்ஸ், இன்னொரு கணித அறிஞர் லைப்னிட்சுக்கு எழுதுன கடுதாசில அந்தப் பேர் வருது, அடுத்த வருசமே அவங்க ரெண்டு பேரும் யோகான் பெர்னூலியும் தனித்தனியா அந்தக் கோட்டைக் கணக்குல புடிச்சுட்டாங்க, அதெல்லாம் சரிங்க. ஆனா நம்ம பக்கம் சங்கிலின்னா காடு அளக்கற சங்கிலிதானே முதல்ல ஞாபகம் வருது? நூறு கண்ணி, 66 அடி. எங்கப்புச்சி காட்டை அளக்க வந்தப்ப ஒரு நுனி என் கையிலதான் இருந்துச்சு, "இழுத்துப் புடி கண்ணு, தொய்யக்கூடாது"ன்னு சர்வேயர் அக்கட்டால இருந்து சத்தம் போடுவார், ஏன்னா தொஞ்சா அளவு எச்சாக் காட்டிப்போடும். நேரா நிக்கறதுக்குன்னே செஞ்ச சாமான் பேரைக் கொண்டாந்து தொங்கற கோட்டுக்கு வெக்கறதா?

நான் முதல்ல 'தூரி'ன்னுதான் நெனச்சேன். ஆடி நோம்பிக்கு வேப்பமரத்துல கட்டுவமே, அந்த ஊஞ்சல். ஊட்டுல சொன்னதும் பொண்ணு ஒரே கேள்வில கவுத்துட்டா: "ஆள் உக்காந்தா கயிறு எப்படிப்பா இருக்கும்?" ரெண்டு பக்கமும் நேரா வெடச்சு கவட்டை மாதிரி ஆயிருது. கேட்டனரிக்கு இருக்கறதே ஒரு சட்டம்தான், கயிறு தன் சொந்தக் கனத்துலயே தொங்கணும், அந்தக் கனமும் நீளம் பூராவும் ஒரே சீரா இருக்கணும். வெறுந்தூரி ஆகும், ஆள் இருக்கற தூரி ஆகாது. உட்டுட்டேன்.

கோபிக்கார தம்பி சொன்ன 'தொய்வரை' சின்னதா நல்லாத்தான் இருக்கு, ஆனா தொங்குபாலத்து வடமும்தான் தொய்யுது. அது பாலத்துத் தளத்தோட கனத்தைத் தாங்குது, அந்தக் கனம் கிடைமட்டத்துல சீராப் பரவி இருக்கறதால அங்க வர்றது பரவளையம். பேர் வெக்கறதே இந்த ரெண்டையும் பிரிச்சுக் காட்டத்தானே, ரெண்டுக்கும் ஒட்டற பேர் எதுக்கு?

கலிலியோவே 1638ல வந்த புத்தகத்துல, தொங்கற சங்கிலி கிட்டத்தட்ட பரவளையம்னுதான் சொன்னார். எவ்வளவு கிட்டத்தட்டன்னு பாத்துடலாம்னு பையனோட குழந்தைல கட்டுன வெள்ளி அரணாக்கொடியை பீரோல இருந்து எடுத்து, தாயத்தைக் கழட்டிட்டு, கிராஃப் பேப்பரைச் சுவத்துல ஒட்டி, 20 சென்டிமீட்டர் தள்ளி ரெண்டு குண்டூசில மாட்டுனேன். நடுவுல 15 சென்டிமீட்டர் எறங்கற மாதிரி உட்டேன். நடுப்புள்ளிக்கும் ஊசிக்கும் சரிபாதி தூரத்துல பரவளையம்னா அடிமட்டத்துல இருந்து 3.75ல நிக்கணும், கொடி 2.9க்குப் பக்கத்துல நின்னுது. ஒரு நெல்லு நீளம் வித்தியாசம், கண்ணுலயே தெரியுது, அடில நல்லா தொப்பை போட்ட மாதிரி இருக்கும். அதையே 2 சென்டிமீட்டர் மட்டும் எறங்கற மாதிரி இறுக்கிக் கட்டுனா முடி கனம்கூட வித்தியாசம் வராது, கலிலியோ மேல தப்பில்லீங்க.

இப்ப நான் வெக்கற பேர், 'தோரணவளைவு'. மாரியாத்தா நோம்பிக்கு வீதிக்குக் குறுக்க கயிறு கட்டி சாணுக்கு ஒரு கொத்துன்னு வேப்பிலை சொருகறோம். இலைக்கனம் கயித்து நீளத்துல சீரா விழுகுது, அப்படியே கேட்டனரி. இன்னொன்னு, தோரணம்னா தொங்கறது மட்டுமில்ல, தோரணவாயில்னு நிக்கற வளைவுக்கும் அதே சொல்தான். இங்கிலாந்துல ஹூக்குங்கற விஞ்ஞானி 1670கள்ல எழுத்தையெல்லாம் கலைச்சுப் போட்டு விடுகதையா அச்சடிச்சது இதைத்தான்: தொங்கற கயித்தைத் தலைகீழாத் திருப்புனா அதே வடிவத்துல கல் வளைவு நிக்கும். தொங்கறதுக்கும் நிக்கறதுக்கும் ஒரே சொல் நம்மகிட்ட ஏற்கெனவே கெடக்குது, அதை உட்டுட்டு லத்தீன் சங்கிலியை எதுக்கு மொழிபெயர்க்கறது?

'தோரணவரை'ன்னு சுருக்கலாமான்னு பாத்தேன், 'தோரணம் வரைக்கும்'னு படிச்சுப்போடுவாங்க. 'தோரணவளையம்' வேண்டவே வேண்டாம். பரவளையத்துலயே எனக்கு அந்த வெசனம் உண்டு, வளையம்னா மூடி இருக்கணும், இது ரெண்டு பக்கமும் வாய் தொறந்து போய்க்கிட்டே இருக்கற திறந்த வளைவு. திறந்த வளைவு, மூடிய வளைவுன்னு ஒரு பாடத்துல சொல்லிக் குடுத்துட்டு அடுத்ததுல தொறந்ததுக்கு வளையம்னு பேர் வெச்சா புள்ளைங்க என்ன செய்யும்? இலங்கைல பரவளைவுன்னு எழுதறாங்க, அதுதான் சரி. அதனால 'தோரணவளைவு'.

—

தம்பி, பேர் காதுக்கு நல்லாத்தான் இருக்குது. ஆனா தோரண வளைவுன்னா கல்யாண மண்டபத்து வாசல்ல தெர்மாகோல்ல வெக்கறதைத்தான் சனம் நெனைக்கும், அது அரைவட்டமப்பா. அப்பறம் நீ சொன்னியேன்னு பேத்தி கொலுசைத் தொங்கவிட்டுப் பாத்தேன், ஒரு பக்கமா கோணிக்கிட்டு நிக்குது.

—

அரைவட்டம்தானுங்கண்ணா, ஒத்துக்கறேன். அதுக்குத்தான் நான் சேத்து எழுதறேன், மண்டபத்துதைப் பிரிச்சு எழுதட்டும். பட்டியல்ல சங்கிலியையும் பக்கத்துலயே போட்டு வெய்ங்க, வாத்தியாருங்க எதை எடுக்கறாங்கன்னு பாப்போம். கொலுசுல சலங்கை ஒரு பக்கமா எச்சா இருக்கும், எண்ணிப் பாருங்க.