விமானத்து ஆங்கிலமும் நம்ம கரையும்: உங்கள் அனுபவம் என்ன?

தங்கச்சிமடத்திலிருந்து:

சாயங்காலம் பிளஸ் டூ முடித்த பையன்களுக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். பாதிப் பேர் கடற்படை, விமானப்படைத் தேர்வுக்குப் படிப்பவர்கள். ஹெடிங், ட்ராக், டிரிஃப்ட் என்று வந்தால் அகராதியைப் பார்த்து மனப்பாடம் செய்வார்கள், மறுநாளே மறந்துவிடும். லீவு நாளில் கடலுக்குப் போகிற பையன் ஒருவன் கேட்டான்: "சார், அணியத்த மேக்க வச்சுப் புடிச்சாலும் நீவாடு தெக்க இழுத்துட்டுப் போகுமே, அதானே?"

அதேதான். அணியம் என்பது படகின் மூக்கு, நீவாடு கடல் நீரோட்டம். மூக்கு பார்க்கிற திசை ஹெடிங், உண்மையில் போகிற தடம் ட்ராக், இரண்டும் விலகுவது டிரிஃப்ட். படகை நீவாடும் காற்றும் தள்ளும், விமானத்தைக் காற்று தள்ளும். அதிலிருந்து நான் பாடத்தைப் படகில்தான் ஆரம்பிக்கிறேன். விமானத்துச் சொற்கள் பலவும் கப்பலில் இருந்தவைதானே, விமானம் வந்தபோது அப்படியே ஏறிக்கொண்டன. ரடர் நம்ம சுக்கான். பைலட் என்பவர் முதலில் கப்பலுக்கு வழிகாட்டியவர். பாம்பன் கால்வாயில் இன்றும் அவர் துணையோடுதான் கப்பல் பாலத்தைக் கடக்கிறது.

போர்ட், ஸ்டார்போர்ட் விஷயத்தில் பையன்கள் எனக்கு முன்னால் போய்விட்டார்கள். போர்ட் என்கிற இடப்பக்கம் சிவப்பு விளக்கு, ஸ்டார்போர்ட் என்கிற வலப்பக்கம் பச்சை. படகுக்கும் விமானத்துக்கும் ஒரே விதி. உச்சிப்புளி கடற்படைத் தளத்துப் பக்கம் இருட்டுகிற நேரத்தில் ஒரு விமானம் தெரிந்தது. "சிவப்பு மட்டும் தெரியுது சார், நமக்கு இடதுபக்கமா போகுது" என்றான் ஒருவன். ரெண்டும் சேர்ந்து தெரிந்தால் நேரே நம்மைப் பார்த்து வருகிறது என்று அர்த்தம்.

மண்டபத்திலிருந்து:

அண்ணே, வேகத்தை அளக்கிற 'நாட்' (knot) என்கிற சொல்லை விட்டுட்டீங்களே! எங்க படகு ஜிபிஎஸ்ஸில் வேகம் நாட் கணக்கில்தான் வரும், விமானத்திலும் அதே கணக்கு. 1 நாட் என்றால் மணிக்கு 1.852 கிலோமீட்டர். அந்தக் காலத்தில் முடிச்சுப் போட்ட கயிற்றைக் கப்பலுக்குப் பின்னால் ஓடவிட்டு, மணல்கடிகாரம் வடிவதற்குள் எத்தனை முடிச்சு போச்சு என்று எண்ணியிருக்கிறார்கள். ஆஸ்ட்ரோநாட்டில் வருவது வேற நாட், அது கிரேக்கத்தில் மாலுமி. 2025 ஜனவரியில் இஸ்ரோ இரண்டு செயற்கைக்கோள்களை விண்ணில் சேர்த்ததே, அந்த டாக்கிங்கும் துறைமுகத்துச் சொல்தான்.

ராமேஸ்வரத்திலிருந்து:

சார், எல்லாத்துக்கும் படகைப் பிடித்தால் சரிவராது. நான் பள்ளியில் ஹோவர், டைவ் எடுப்பதற்கு ஆலா என்கிற கடற்பறவையைத்தான் காட்டுவேன். மீனைக் கண்டதும் ஒரே இடத்தில் சிறகடித்து நிற்கும் பாருங்கள், அது ஹோவர். தலைகீழாகப் பாய்ந்தால் டைவ். குளிர்காலத்தில் தனுஷ்கோடிப் பக்கம் பூநாரை வந்தால் இன்னும் வசதி. சும்மா எழும்பாது, தண்ணீர் மேல் தடதடவென்று ஓடித்தான் மேலே ஏறும். ரன்வேயில் விமானம் ஓடுவதை டேக்-ஆஃப் ரன் என்பதற்கு வேறு விளக்கமே வேண்டியதில்லை.

செயற்கைக்கோள் சுற்றுகிற பாதையான ஆர்பிட்டுக்குத்தான் கரையில் எதுவும் சிக்கவில்லை. யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள், அடுத்த வாரம் அந்தப் பாடம்தான்.